பேரூராட்சிக் கூலித் தொழிலாளருக்கும் வேலை உறுதிச் சட்டம் வேண்டும்

திண்டுக்கல் மாவட்டத்தின் சேவுகம்பட்டி பேரூராட்சியில் குடியிருக்கும் விவசாயக் கூலித் தொழிலாளிக்கு நூறு நாள் வேலை கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கிராம ஊராட்சியில் குடியிருந்து, அதே வயலில் நாற்று நடுபவருக்கு அது உண்டு. நகர்ப்புற உள்ளாட்சிக்கு உட்பட்ட எந்தப் பகுதியும் ஊரகம் ஆகாது என்று 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் வரையறுத்ததே காரணம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நாட்களை 125ஆக உயர்த்தியிருக்கிறது. அதுவும் ஊரகக் குடும்பங்களுக்கே உரியது. இந்த அநீதியைத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றித் தீர்க்க வேண்டும் என்பதே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

இழப்பு கூலியோடு முடிவதில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டம், கேட்ட 15 நாட்களுக்குள் வேலை தர வேண்டும், இல்லையேல் வேலையில்லாப் படி தர வேண்டும் என்றது. வேலையிடம் 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் 10 விழுக்காடு கூடுதல் கூலி, கூலி தாமதித்தால் இழப்பீடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றெல்லாம் உரிமைகளை எழுதி வைத்தது. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நாளொன்றுக்கு 336 ரூபாய் கூலி என அறிவிக்கப்பட்டது. களையெடுப்பிலும் நடவிலும் ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைத்தே கொடுத்துவந்த வட்டாரங்களில் இப்படியொரு சமக்கூலி, பேரம் பேச ஒரு பிடிமானம். பேரூராட்சிப் பெண்களுக்கு அந்தப் பிடிமானம் வாய்க்கவில்லை. இதில் வேதனையான வரலாறு ஒன்றும் உண்டு. 2004இல் மாநிலத்தின் பெரும்பாலான பேரூராட்சிகளை அன்றைய அரசு சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. ஊரக நிதி கிடைக்கட்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2006 பிப்ரவரியில் வேலை உறுதிச் சட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதலில் தேர்வான ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. ஆனால் அதே ஆண்டிலேயே அந்த ஊர்கள் மீண்டும் பேரூராட்சிகளாயின. நெல்லும் தென்னையும் வாழையும் அப்படியேதான் இருந்தன, கூலிக்குப் போனவர்களும் அவர்களேதான். ஓர் அரசாணை ஊரின் பெயர்ப்பலகையை மாற்றியதும் சட்டம் தந்த உரிமை கைநழுவிப் போனது.

அப்படியானால் மறுபடி கிராம ஊராட்சியாக மாறிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது ஒரு வழிதான். ஆனால் குடிநீர், துப்புரவு, சாலைப் பணிகளுக்கு வரும் நகர்ப்புற நிதியையும் ஊழியர் பணியிடங்களையும் இழந்துதான் வேலை உரிமையைப் பெற வேண்டும் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. 2022இல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. அந்த முயற்சியை வரவேற்கிறோம். ஆனால் 100 கோடி ரூபாயில் தொடங்கிய அந்தச் சோதனைத் திட்டம் 37 பேரூராட்சிகளையே எடுத்துக்கொண்டது. மாநிலத்தில் இருப்பவையோ 490 அளவில். எல்லாவற்றுக்கும் மேலாக, அது அரசாணையில் நிற்கும் திட்டம். நிதி சுருங்கினால் வேலையும் சுருங்கும். வேலை கிடைக்காதவர் வழக்காட வழியில்லை. கேரளம் 2010 முதலே அய்யன்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தில் 100 நாள் வேலை தருகிறது. ராஜஸ்தான் 2023இல் நகரத்துக்கும் சேர்த்து 125 நாள் வேலையைச் சட்டமாகவே எழுதியது. நகர்ப்புறத்துக்கும் வேலை உறுதி வேண்டும் என்று நாடாளுமன்றத் தொழிலாளர் நிலைக்குழு 2021லேயே பரிந்துரைத்துவிட்டது.

நிலம் வைத்திருப்போர் சொல்லும் மறுப்பை நாங்கள் மதித்தே பதில் சொல்கிறோம். நூறு நாள் வேலை வந்தால் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைக்காது என்கிறார்கள். சிறு விவசாயிகளின் இந்தக் கவலை பொய்யில்லை. நடவு, அறுப்பு நாட்களைத் தவிர்த்து, கண்மாய் தூர்வாருவதையும் வாய்க்கால் செம்மை செய்வதையும் வேலையற்ற மாதங்களில் வைத்தால் இரு தரப்புக்கும் நல்லது. தூர்வாரிய கண்மாயின் நீர் அவர்கள் வயலுக்குத்தான் பாயப்போகிறது. ஆனால் வேலையில்லாத மாதங்களின் பட்டினிதான் மலிவான கூலிக்கு ஆள் சேர்க்கிறது என்றால், அந்த ஏற்பாட்டைக் காப்பது அரசின் வேலை அல்ல.

ஆகவே, விவசாயக் கூலியை நம்பியுள்ள பேரூராட்சிகள் அனைத்துக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 100 நாள் வேலை, ஊரகத்துக்கு அறிவிக்கப்படும் கூலிக்குக் குறையாத சமக்கூலி, வேலை தராவிட்டால் படி ஆகியவற்றை உறுதிசெய்யும் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் பேரூராட்சி மன்றங்கள் இதை வலியுறுத்தித் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.