கணினி சொன்னால் கடன் ஆகிவிடுமா?

ஆஸ்திரேலியாவில் 2016-ஆம் ஆண்டு, அரசின் உதவித்தொகை வாங்கியவர்களின் வீடுகளுக்குக் கடிதங்கள் வந்து விழத் தொடங்கின. ‘கூடுதலாக வாங்கியிருக்கிறீர்கள், விளக்கம் கொடுங்கள், இல்லையேல் திருப்பிக் கட்டுங்கள்’ என்பதே சாரம். அந்தக் கடனைக் கணக்கிட்டது அதிகாரி அல்ல, ஒரு கணினி நிரல். ‘ரோபோடெட்’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

நிரல் போட்டது வெறும் சராசரிக் கணக்கு. வரித் துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை 26-ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொண்டது. ஒருவர் ஆறு மாதம் உழைத்து 26,000 டாலர் ஈட்டுகிறார், அடுத்த ஆறு மாதம் வேலையின்றி உதவித்தொகை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரலின் கணக்கில் அவர் ஆண்டு முழுக்க இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்துக்கொண்டே உதவியும் வாங்கியவர்! முன்பெல்லாம் இப்படி முரண்பாடு தென்பட்டால் ஊழியர் ஒருவர் விசாரித்துச் சரிபார்ப்பார். அந்த வேலையை அரசு கைகழுவியது. பல ஆண்டு பழைய சம்பளச் சீட்டைத் தேடிக் கொடுக்கும் பொறுப்பு பயனாளியின் தலையில் விழுந்தது.

2019 நவம்பரில் இந்த முறை சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு, சுமார் 4.7 லட்சம் கடன்களுக்காக வசூலித்த 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் 2023-இல் திட்டத்தைக் கடுமையாகச் சாடியது. மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த தாய்மார்களும் அந்த ஆணையத்தின் முன் சாட்சியம் சொல்லியிருந்தனர்.

தரவுகளால் அரசுக்கு நன்மையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இடைத்தரகர் இல்லாமல் வங்கிக் கணக்குக்கே பணம் வருவது சிறிய விஷயம் அல்ல. ஆனால், பிழை நேர்ந்தால் அதை நிரூபிக்க வேண்டியவர் யார்? இந்தக் கேள்வி நமக்கும் உண்டு.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கு 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடிப் பேர். வருமானம், நிலம், வாகனம், மின்சாரம் எனப் பல விவரங்கள் தகுதியைத் தீர்மானித்தன. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானால் தகுதி இல்லை. மின்வாரியத்தின் பதிவில் இருப்பதோ இணைப்பு எண். அதில் எத்தனை குடித்தனம் என்பது இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே மீட்டரில் இருந்தால் இரண்டு ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வசதியான குடும்பமாகத் தெரியும்.

ஆறுதலான அம்சமும் உண்டு. நிராகரித்த காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாள்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய முடிந்தது. அந்த நவம்பரிலேயே மேலும் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் பட்டியலில் சேர்ந்தனர். முதல் பட்டியலே முடிந்த முடிவு என்று இருந்திருந்தால் இவர்கள் கதி என்ன?

இந்த மேல்முறையீட்டு வாய்ப்பு எல்லாத் திட்டங்களிலும் சட்ட உரிமையாக வேண்டும். ரேஷன் கடையில் ‘ரேகை விழலை’ என்றால், சித்தாள் வேலையில் விரல் தேய்ந்த பெண்ணை அலையவிடாமல் மாற்று வழியில் அன்றே அரிசி கொடுக்க வேண்டும். ஒருவரின் உதவியை நிறுத்தும் முன், எந்தத் துறையின் எந்தப் பதிவு காரணம் என்று சொல்ல வேண்டும்; விசாரணை முடியும்வரை பணம் நிற்கக் கூடாது; பதிவு சரிதான் என்று நிரூபிக்கும் சுமை துறையுடையதாக இருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைப் பாதுகாப்பாகவும் அறத்தோடும் பயன்படுத்துவதற்கென 2020-லேயே கொள்கை வெளியிட்ட மாநிலம் இது. திட்டவாரியாக எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள், மேல்முறையீட்டில் எத்தனை பேர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள் என்ற கணக்கை மாவட்டந்தோறும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுவதில் தொடங்கலாம்.