மாட்டு வாலுக்கு வந்த மவுசு!

ஏழை வீட்டுக் கறி எட்டாத விலைக்குப் போனது ஏன்?

மாட்டுக்குக் கால் 4. வால் ஒன்றே ஒன்றுதான்.

இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் இன்று நியூயார்க்கிலும் லண்டனிலும் எத்தனையோ குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை ஆட்டி வைப்பது இந்தக் கணக்குதான்.

ஒரு காலத்தில் மாட்டு வாலை யாரும் தேடி வாங்க மாட்டார்கள். கறிக்கடைக்காரர் மலிவாகக் கொடுப்பார். தெரிந்தவர் என்றால் சும்மாவே போடுவார். கூலி வேலை செய்கிறவர்கள் அதை வாங்கிப் போவார்கள். அடுப்பில் ஏற்றி, மணிக்கணக்காக வேக வைத்துச் சாப்பிடுவார்கள்.

அதே வாலை இன்று அமெரிக்காவில் ஒரு பவுண்டு 10 டாலர் என்று விற்கிற கடைகள் இருக்கின்றன. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அதிலும் பெரும் பகுதி எலும்பு!

ஏழையின் கறி இப்படி விலை ஏறியது எப்படி?

ஏழைகள் கண்டுபிடித்த இன்னொரு சாப்பாடு சீனாவில் இருக்கிறது. நடுவில் ஒரு சட்டி கொதிக்கும். சுற்றி எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதுவும் பணக்காரர் மேசைக்குப் போனது. ஆனால் ஏழையை விட்டுப் போகவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நம்மில் பலர் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை. ஆனாலும் வீட்டுச் செலவு என்பது எல்லோருக்கும் பொது. குடும்பம் நடத்துகிறவர்கள் இதில் தெரிந்து கொள்ள வேண்டியது உண்டு.

வாலில் என்ன ருசி?

மாடு வாலை ஆட்டிக் கொண்டே இருக்கும். அதனால் வாலில் எலும்பும், மூட்டும், நாரும் அதிகம். சதை குறைவு. இந்த நாருக்குக் கொலாஜன் என்று பெயர். அவசரமாக வேக வைத்தால் கறி ரப்பர் போல இருக்கும். பல்லுக்கு அடங்காது.

மூடி போட்டு, சிறு தீயில் 3 மணி நேரம் விட்டால் கதையே வேறு! நார் கரைந்து ஜெலட்டின் என்ற பசையாகிறது. குழம்பு கெட்டியாகிறது. சதை எலும்பை விட்டுத் தானே கழன்று வருகிறது. ஆட்டுக்கால் சூப் குடித்தவர்களுக்கு இது புரியும். சூப் ஆறினால் உதடு ஒட்டுகிறது அல்லவா? அதே சங்கதிதான்.

பணம் இல்லாதவரிடமும் நேரம் இருந்தது. விறகு இருந்தது. பொறுமை இருந்தது. இந்த மூன்றையும் போட்டுத்தான் யாரும் வேண்டாத கறியை விருந்தாக மாற்றினார்கள்.

ஜமைக்காவின் ஞாயிறு

கிரிக்கெட்டால் நமக்குத் தெரிந்த மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று ஜமைக்கா. அங்கே ஆங்கிலேயர்கள் கரும்புத் தோட்டம் போட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வந்த அடிமைகளை வேலை வாங்கினார்கள். நல்ல கறி துரை வீட்டுக்குப் போகும். தலை, கால், குடல், வால் ஆகியவை அடிமைகளுக்கு மிஞ்சும்.

1838-ம் ஆண்டு அடிமைகள் முழு விடுதலை பெற்றார்கள். ஆனால் வால் குழம்பு வீட்டை விட்டுப் போகவில்லை. இன்று அது ஜமைக்கா மக்களின் பெருமைக்குரிய உணவு.

வாலைக் கணுக் கணுவாக வெட்டுகிறார்கள். பூண்டு, வெங்காயத்தாள், தைம் என்ற வாசனை இலை, ஜமைக்கா மிளகு ஆகியவற்றைப் போட்டுப் பிசறி ஊற வைக்கிறார்கள். பிறகு சர்க்கரையைக் கருக்கி, அதில் வாலைச் சிவக்க வதக்குகிறார்கள். தண்ணீர் விட்டு மூடுகிறார்கள். ஸ்காட்ச் பானட் என்ற குண்டு மிளகாய் ஒன்றை உடையாமல் மேலே போடுகிறார்கள். உடைந்தால் காரம் தாங்காது!

கடைசியில் பட்டர் பீன்ஸ் என்ற பெரிய வெள்ளைப் பயறைச் சேர்க்கிறார்கள். சிலர் மைதா மாவை விரல் நீளத்துக்குத் திரித்துப் போடுவார்கள். தேங்காய்ப் பாலில் பயறும் அரிசியும் சேர்த்து வேக வைத்த சோற்றில் இந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

பயறும் மாவும் ருசிக்காக மட்டும் அல்ல. ஒரு வால் 6 பேருக்குக் காண வேண்டும் என்பதற்காக! குறைந்த கறியை நிறைந்த வயிறாக்கும் வித்தை இது.

1948-ம் ஆண்டு ஜூன் மாதம் "எம்பயர் விண்ட்ரஷ்" என்ற கப்பல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அதில் ஜமைக்காவிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் வேலை தேடிப் போனார்கள். பின்னால் பல ஆயிரம் பேர் போனார்கள். அவர்களோடு வால் குழம்பும் போயிற்று. நியூயார்க்குக்கும் அப்படித்தான் போயிற்று.

ரோமாபுரியிலும் அதே கதை

இத்தாலி நாட்டின் தலைநகர் ரோம். அங்கே டெஸ்டாச்சியோ என்ற பகுதியில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய இறைச்சிக் கூடம் கட்டினார்கள். மாட்டை 4 பங்காக வெட்டி விற்பார்கள். மிஞ்சிய வால், குடல், ஈரல் எல்லாம் "ஐந்தாவது பங்கு". அங்கே வேலை செய்தவர்கள் கூலியில் ஒரு பகுதியாக இந்த ஐந்தாவது பங்கை வீட்டுக்குக் கொண்டு போனார்கள்.

அவர்கள் வீட்டுப் பெண்கள் தக்காளியும் செலரித் தண்டும் போட்டு வாலை மெதுவாக வேக வைத்தார்கள். இறைச்சிக் கூடம் 1975-ம் ஆண்டு மூடப்பட்டது. ஆனால் வால் குழம்பு நிலைத்தது. இன்று வெளிநாட்டுப் பயணிகள் அதைத் தேடிப் போய்ச் சாப்பிடுகிறார்கள்.

விலை ஏறியது ஏன்?

காரணம் 3.

முதல் காரணம், கேட்பவர்கள் பெருகி விட்டார்கள். ஜமைக்காக்காரர் மட்டும் அல்ல. கொரியர்கள் வாலில் வெள்ளைச் சூப் வைக்கிறார்கள். இந்தோனேசியாவில் "சோப் புந்துட்" என்ற வால் சூப் பேர் போனது. பிலிப்பைன்ஸ் நாட்டினர் வேர்க்கடலை அரைத்து ஊற்றி வால் குழம்பு செய்கிறார்கள். இவர்கள் எல்லோரும் அமெரிக்க நகரங்களில் இருக்கிறார்கள். இப்போது பெரிய ஓட்டல்களும் வாலைக் கேட்கின்றன. செல்பேசியில் சமையல் படம் பார்த்தவர்களும் கேட்கிறார்கள்.

இரண்டாவது காரணம், மாடு குறைந்து விட்டது. 2025 ஜனவரி 1-ந் தேதி அமெரிக்காவில் இருந்த மாடுகள் சுமார் 8 கோடியே 67 லட்சம். 1951-ம் ஆண்டுக்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. பல ஆண்டு வறட்சியில் புல் காய்ந்தது. தீவனம் விலை ஏறியது. வளர்த்தவர்கள் மாட்டை விற்று விட்டார்கள். அதனால் எல்லா மாட்டுக்கறியும் விலை ஏறியது. சாதாரணக் கொத்துக்கறி கூட 2025-ல் பவுண்டுக்கு 6 டாலரைத் தாண்டியது.

மூன்றாவது காரணம்தான் முக்கியம்.

தக்காளி விலை ஏறினால் என்ன நடக்கும்? அடுத்த போகத்தில் நாலு பேர் கூடத் தக்காளி போடுவார்கள். விலை இறங்கும். வாலுக்கு இந்த வழி கிடையாது. வாலுக்காக யாரும் மாடு வளர்ப்பதில்லை! ஒரு மாட்டில் கறி 200 கிலோவுக்கு மேல் தேறும். வாலோ 2 கிலோ தேறினால் அதிகம். கறி விற்பதற்காகத்தான் மாட்டை அறுக்கிறார்கள். வால் அதோடு வருகிற உபரி. விலை எவ்வளவு ஏறினாலும் மாட்டுக்கு இரண்டாவது வால் முளைக்காது.

ஆகவே புதிதாக ஒருவர் வாங்கினால், பழைய ஆள் ஒருவர் விட்டுக் கொடுத்தாக வேண்டும். விட்டுக் கொடுப்பது யார்? பணம் குறைந்தவர்தான். எந்தக் குடும்பங்கள் அந்தச் சமையலைக் காப்பாற்றி வைத்தனவோ, அந்தக் குடும்பங்களுக்கே அது வாரச் சாப்பாடாக இருந்தது போய், பண்டிகைச் சாப்பாடாகி விட்டது.

சட்டம் பறித்த வால்

இங்கிலாந்தில் ஒரு முறை சட்டமே வாலைப் பறித்தது. "பைத்திய மாட்டு நோய்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நோய் மனிதருக்கும் வரக் கூடும் என்று 1996-ம் ஆண்டு அரசாங்கம் அறிவித்தது. நாடே நடுங்கியது.

1997 டிசம்பரில் எலும்போடு கூடிய மாட்டுக்கறியை விற்கத் தடை போட்டார்கள். எலும்பு இல்லாமல் வால் ஏது? கடைகளிலிருந்து வால் மறைந்தது. 1999 டிசம்பரில்தான் தடை நீங்கியது. 2 ஆண்டுகள் லண்டன் ஜமைக்கா வீடுகளில் அந்தக் குழம்பு மணக்கவில்லை. ஒரே பொருளை நம்பிய சமையலுக்கு இப்படியும் ஆபத்து வருகிறது.

சீனாவின் சட்டி

இனி சீனாவுக்குப் போவோம். அங்கே யாங்சி ஆறும், ஜியாலிங் ஆறும் கூடுகிற இடத்தில் சோங்சிங் என்ற பெரிய நகரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது படகுக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் நிறைந்த துறைமுகம். இறைச்சிக் கூடத்தில் தள்ளிய மாட்டுக் குடலை அவர்கள் மலிவாக வாங்கினார்கள். மாட்டுக் கொழுப்பு, மிளகாய், நாக்கு மரத்துப் போகும் சிச்சுவான் மிளகு எல்லாம் போட்டுக் கொதிக்க விட்டார்கள். அதில் குடலை முக்கி எடுத்துச் சாப்பிட்டார்கள்.

அந்தச் சட்டிக்குள் 9 கட்டம் வைத்த தடுப்பு உண்டு. முன்பின் தெரியாதவர்கள் ஆளுக்கு ஒரு கட்டத்தை வைத்துக் கொண்டு ஒரே அடுப்பில் சாப்பிடுவார்களாம். அடுப்பும் பொது. செலவும் பொது.

இதிலும் பெரிய வியாபாரம் வந்தது. 1994-ம் ஆண்டு சிச்சுவான் மாநிலத்தில் 4 மேசையோடு "ஹைடிலாவ்" என்ற கடை தொடங்கியது. 2018-ல் ஹாங்காங் பங்குச் சந்தைக்கே வந்து விட்டது. 2021-ல் சுமார் 300 கடைகளை மூடப் போவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. அங்கே ஓர் ஆள் சராசரியாகச் செலவழித்தது 2020-ல் சுமார் 110 யுவான். 2024-ல் அது 100 யுவானுக்கும் கீழே இறங்கியது.

கடைக்குப் போக முடியாதவர்கள் பட்டினி கிடந்தார்களா? இல்லை. மசாலாப் பொட்டலம் வாங்கி வீட்டிலேயே சட்டி வைக்கலாம். கையில் பணம் இருந்தால் கறியும் மீனும் போடுவார்கள். இல்லாவிட்டால் முட்டைக்கோஸ், முள்ளங்கி, காளான், சோயாவில் செய்யும் டோஃபு ஆகியவற்றைப் போடுவார்கள். கடைசியில் நூடுல்ஸ் போட்டால் எல்லோர் வயிறும் நிறையும்.

வித்தியாசம் இதுதான். வால் குழம்புக்கு வால் வேண்டும். சீனச் சட்டிக்கு எதுவும் போதும். அதனால் ஒரு பொருள் விலை ஏறினாலும் அந்தச் சாப்பாடு ஏழையை விட்டுப் போவதில்லை.

ஒரே சட்டி ஆபத்தா?

2020 ஜனவரியில் ஹாங்காங்கில் உறவினர் 19 பேர் கூடிச் சட்டிச் சாப்பாடு சாப்பிட்டார்கள். அவர்களில் 9 பேருக்குக் கொரோனா என்று பிப்ரவரியில் செய்தி வந்தது. ஒரே சட்டியில் சாப்பிடலாமா என்று எல்லோரும் பயந்தார்கள்.

கொதிக்கிற சாற்றில் அந்தக் கிருமி உயிரோடு இருக்காது. மூடிய அறையில் நெருங்கி உட்கார்ந்து பேசிச் சிரிப்பதில்தான் ஆபத்து. வாயில் வைத்த குச்சியையே மறுபடி பொதுத் தட்டில் விடுவதும் நல்லதல்ல.

இதற்கு வழி சொன்னவர் டாக்டர் வூ லியன்-டே. மலேயாவில் பினாங்கில் பிறந்தவர். மஞ்சூரியாவில் 1910-11-ல் பரவிய பிளேக் நோயை அடக்கியவர். ஒரே தட்டில் எல்லோரும் குச்சியை விடுவதைத் தடுக்க, மேசை நடுவில் சுழலும் தட்டையும், பரிமாறத் தனிக் கரண்டியையும் வைக்கும்படி அவர் 100 ஆண்டுகளுக்கு முன்பே சொன்னார்.

வீட்டில் சட்டி வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை. பச்சைக் கறியைத் தொடும் குச்சி வேறு, வாயில் வைக்கும் குச்சி வேறாக இருக்க வேண்டும். கறி போட்ட பிறகு சாறு மறுபடி கொதித்த பின்பே எடுக்க வேண்டும். கதவு, ஜன்னல்களைச் சாத்தி விட்டுக் கரி அடுப்பை ஒருபோதும் வைக்கக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு வாசனை கிடையாது. ஆளையே கொன்று விடும்.

மிஞ்சும் பாடம்

வால் விலை சீக்கிரம் இறங்காது. மாட்டு மந்தை பெருகப் பல ஆண்டுகள் ஆகும். மந்தை பெருகினாலும் மாட்டுக்கு வால் ஒன்றுதான்.

அதற்காக அந்தச் சமையல் அழிய வேண்டியதில்லை. மாட்டின் முன்னங்கால் கறியிலும் கழுத்துக் கறியிலும் அதே நார் உண்டு. அதே மசாலா, அதே சிறு தீ, அதே 3 மணி நேரம் போதும். ஒரு துண்டு வாலைச் சேர்த்தால் மணம் வந்து விடும். பயறைக் கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் நாலு பேருக்குக் காணும். கறியே வேண்டாம் என்கிறவர்களுக்கு அந்தப் பயறே குழம்பாகும்.

ஏழைகள் கண்டுபிடித்தது வாலை அல்ல. குறைவாக இருப்பதை எல்லோருக்கும் காணும்படி சமைக்கும் முறையைத்தான் கண்டுபிடித்தார்கள். வாலைப் பணக்காரர் வாங்கிக் கொண்டு போகலாம். அந்த முறையை யாரும் விலை கொடுத்து வாங்கிக் கொண்டு போக முடியாது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அது வீட்டிலேயே இருக்கும்.