இரண்டு படி ஏறும் நெகட்டிவ்
1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் என்னும் நீல அச்சு முறைக்கு என்லார்ஜர் விளக்கின் ஒளி போதாது. வெயிலில் இருப்பது போன்ற புற ஊதாக் கதிர் வேண்டும். ஆகவே நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்துத்தான் அச்சிட முடியும். படம் எந்த அளவோ, நெகட்டிவும் அதே அளவு. 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தவர் இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ், சிவப்பொளி பாதிக்காத ஆர்த்தோ ஃபிலிமில் முதலில் ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து பெரிய நெகட்டிவ் என இரண்டு படி ஏற வேண்டும். உயிர் அந்தப் பாசிட்டிவில்தான் இருக்கிறது. வெள்ளைத் துணியின் மடிப்பு அங்கே வெறுமையாகிவிட்டால் பிறகு எந்த டெவலப்பரும் அதை மீட்டுத் தராது. கான்ட்ராஸ்ட் குறைவாக, சற்று அடர்த்தியாகவே எடுங்கள் என்பேன். இன்க்ஜெட் பிரின்டர் இந்த வேலையை எளிதாக்கிவிட்டது, உண்மைதான். ஆனாலும் இக்கலையைக் கற்பவர் ஒருமுறையாவது, டிரேயில் அந்தப் பெரிய நெகட்டிவ் மெல்லக் கருத்து வருவதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.