நெற்றியில் ஒரு பட்டை

பெங்களூரிலிருந்து வந்த அக்கா பையன், கறுப்பாக ஒரு பட்டையை எடுத்து, "மாமா, கொஞ்சம் நெத்தியைக் காட்டுங்க" என்றான். மூளையில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கருவியாம். மாட்டிக்கொண்டால் நம் மன அமைதிக்கு செல்போனில் மார்க் விழும்.

கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்தேன். தொண்ணூறு! சந்தோஷத்தில் சிரித்தேன். சரசரவென்று நாற்பதுக்கு இறங்கிவிட்டது.

"சிரிக்காதீங்க மாமா, தாடை அசைஞ்சா போச்சு."

காப்பியோடு வந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "சும்மா இருக்கிறதுக்கு மார்க் போட மிஷின் எதுக்குப்பா? என்னைக் கேட்டா நூறே போட்டிருப்பேன்."

இந்தப் பட்டையின் பூர்வீகம் ஜெர்மனி. யேனா நகரத்து மனநல டாக்டர் ஹான்ஸ் பெர்கர், இளவயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே, அவர் நலமா என்று கேட்டு வீட்டிலிருந்து தந்தி! எங்கோ தூரத்திலிருந்த சகோதரிக்கு, அவருக்கு ஏதோ ஆபத்து என்று மனசில் பட்டதாம். எண்ணம் எப்படிப் பயணம் செய்தது என்று தேடக் கிளம்பியவர், 1924-ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்து வருஷம் தயங்கி, 1929-ல்தான் வெளியிட்டார்.

தேடியது கிடைக்கவில்லை. கிடைத்தது ஆல்ஃபா அலை. கண்ணை மூடி ஓய்வாக இருந்தால் விநாடிக்கு 8 முதல் 13 தடவை ஏறி இறங்கும். கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். என் தொண்ணூறின் ரகசியம் அநேகமாக இதுதான்!

மண்டைக்கு வெளியே இந்த அலை சுமார் 50 மைக்ரோவோல்ட். டார்ச் லைட் செல்லில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டினாலோ பல்லைக் கடித்தாலோ கிளம்பும் மின்சாரம் இதைவிடப் பல மடங்கு. கெட்டிமேளத்துக்கு நடுவே பக்கத்து வீட்டுத் தாத்தா முணுமுணுப்பதைக் கேட்கிற கதை. ஆஸ்பத்திரி ஈ.ஈ.ஜி.யில் தலை முழுக்க இருபது இடங்களில் ஒட்டி, வலிப்பு நோய் போன்றவற்றை டாக்டர் பார்க்கிறார். பட்டையிலோ நாலைந்து இடம்தான். தூக்கமா, விழிப்பா, ஓய்வா என்பது ஓரளவு தெரியும். மனசுக்குள் யாரைத் திட்டுகிறீர்கள் என்பதெல்லாம் தெரியாது.

கவலை வேறு இடத்தில். 2019-ல் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி, பிள்ளைகளின் தலையில் இதை மாட்டிக் கவனத்தை அளந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே அணிலைப் பார்த்த குற்றத்துக்கு, சாயங்காலம் அப்பாவிடம் அடி வாங்க வேண்டுமா அந்தக் குழந்தை?

சிலி நாடு 2021-ல் மூளைத் தகவலுக்கு அரசியல் சட்டத்திலேயே காவல் போட்டது. 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைப் பதிவுகளை அழிக்கும்படி ஒரு கம்பெனிக்கு உத்தரவிட்டது. நம் சுப்ரீம் கோர்ட் 2010-லேயே, சம்மதம் இல்லாமல் யாருக்கும் மூளைப் பதிவுச் சோதனை நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. போலீஸ் நம் சம்மதத்தைக் கேட்க வேண்டும். கம்பெனியும் கேட்கிறது. நாம்தான் ஒரு வரிகூடப் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திவிடுகிறோம்.

"உங்க ரெக்கார்டிங்கை சேவ் பண்ணட்டுமா மாமா?" என்றான்.

"எங்கே போய்ச் சேரும்?"

விழித்தான். கழற்றிக் கொடுத்துவிட்டேன். இன்னொரு காப்பி கிடைத்தால் தேவலை என்று நினைத்தேன். வாயைத் திறக்கவே இல்லை.

"இப்பத்தானே குடிச்சீங்க! இன்னொண்ணு கிடையாது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பாவம் பெர்கர். எங்கள் வீட்டில் வந்து தேடியிருக்கலாம்.