கப்பலை மூழ்கடித்தது விதியா?

நடுக்கடலில் ஒரு கப்பல் புயலில் அகப்பட்டு மூழ்கிவிட்டால், "விதி முடிந்தது, மனிதனால் ஆவதென்ன?" என்று சொல்லிவிட்டு நம் ஜனங்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இது வாஸ்தவமா என்று சற்று யோசித்துப் பார்ப்போம்.

புயலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியல்ல. கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் வங்காளக் கடலில் புயலில் சிக்கிய கப்பல்களின் குறிப்புப் புத்தகங்களைச் சேகரித்து ஆராய்ந்து, 1848-ல் வெளியிட்ட நூலில் இச்சுழற்காற்றுக்குச் "சைக்ளோன்" என்று பெயரிட்டார். 1857-ல் டச்சுக்காரரான பைஸ் பாலட் என்பவர் ஒரு விதியைச் சொன்னார். பூமியின் வடபாதியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், புயலின் மையம் இடது கைப்பக்கம் இருக்கும் என்பதே அது. புயல் போகும் திசையை நோக்கி நின்றால் வலப்பாதியே அபாயப் பாதி. அங்கே சுழற்காற்றின் வேகத்தோடு புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்வதுமன்றி, அக்காற்று கப்பலைப் புயலின் பாதைக்கே தள்ளும்.

இன்று மாலுமிகளுக்கு இன்னும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. புயல் எங்கே போகும் என்ற முன்னறிவிப்பில் பிழை இருக்கலாமென்பதால், பலத்த காற்று வீசும் எல்லைக்கு வெளியே முதல் நாளுக்கு 100, இரண்டாம் நாளுக்கு 200, மூன்றாம் நாளுக்கு 300 கடல் மைல் சேர்த்து ஒதுங்கவேண்டும் என்பதே அக்கணக்கு.

நிற்க, 2015 அக்டோபர் 1-ந் தேதி "எல் ஃபாரோ" என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் பஹாமாஸ் தீவுகளுக்கருகில் "ஹோகீன்" புயலில் மூழ்கி, அதிலிருந்த 33 பேரும் மாண்டார்கள். முன்னறிவிப்பிலும் பிழை இருந்தது. கப்பலிலும் பழுதுகள் இருந்தன. ஆனால் கடலடியிலிருந்து எடுத்த பதிவுக் கருவி சொல்வதென்ன? முதல் நாள் இரவு 11 மணிக்கு மேல் ஒரு கீழதிகாரியும், 1 மணிக்கு மேல் இன்னொருவரும் காப்டனைக் கூப்பிட்டு, தெற்கே திரும்பலாம் என்று யோசனை சொன்னார்கள். காப்டனோ பல மணி நேரத்துப் பழைய படத்தை நம்பி, போகிற வழியிலேயே போகச் சொன்னார். புதிய செய்தி கப்பலுக்கு வந்தேயிருந்தது. அவர் புயலிலிருந்து விலகப் போதிய முயற்சி செய்யவில்லை என்றே 2017-ல் அரசாங்க விசாரணைக் குழுவும் முடிவு கூறிற்று.

இதில் விதி எங்கே வந்தது என்று கேட்கிறோம். கணக்கு இருந்தது, செய்தி இருந்தது, எடுத்துச் சொல்ல ஆளும் இருந்தார்கள். கேட்கும் காதுதான் இல்லை. மேலே இருப்பவன் சொன்னால் அதுவே முடிவு. கீழே இருப்பவன் ஒரு தடவை சொல்லிவிட்டு அடங்கிவிடவேண்டும் என்ற வழக்கமே 33 உயிர்களுக்கு எமனாயிற்று.

தோழர்களே! காற்றுக்குக் காப்டனும் தெரியாது, கூலியாளும் தெரியாது. ஆதலால் கணக்கைக் காட்டுகிறவனிடம் "நீ யார்?" என்று கேட்பதை விட்டு, "கணக்குச் சரியா?" என்று மட்டும் கேட்கப் பழகவேண்டும். கடலில் மட்டுமல்ல, கரையிலும் அப்படியே.