வடிவமைப்பாளர் எப்போது வர வேண்டும்?

புதுச்சேரியில் உள்ள கோல்கொண்டே விடுதியைப் பலரும் ஒரு கட்டடமாக மட்டுமே அறிவர். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த அவ்விடுதிப் பணிக்காக 1937-இல் இங்கு வந்த ஜார்ஜ் நகாஷிமா, சுமார் இரண்டாண்டுகள் தங்கி வேலையை நேரில் கவனித்தார். பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் கலைஞராகப் புகழ்பெற்றவர் அவர். முகப்பு முழுவதும் சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடத்தக்க பலகை வரிசைகள். வெயில் நுழையாது, காற்று நுழையும். கீல், கைப்பிடி போன்ற பித்தளைப் பொருள்கள் ஆசிரமப் பட்டறையிலேயே உருவாயின. புழங்குபவரின் வசதி, ஊரின் தட்பவெப்பம், செய்பவரின் கைத்திறன் ஆகியவை முதல் நாளிலிருந்தே ஒருசேர எண்ணப்பட்டன.

இன்று நம் சிறுதொழில்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அச்சு வெட்டி முடித்த பிறகு, நிறத்தையும் அட்டைப்பெட்டியையும் முடிவு செய்யவே வடிவமைப்பாளர் அழைக்கப்படுகிறார், அதுவும் அழைக்கப்பட்டால்! கைப்பிடி கையை உறுத்துகிறது என்று அப்போது அவர் சொல்லிப் பயனில்லை. எஃகு அச்சை மாற்றும் செலவை எந்தச் சிறு முதலாளி தாங்குவார்? பிறர் தரும் வரைபடத்துக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் 'ஜாப் ஒர்க்' பட்டறைகளுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. கூலி இங்கே தங்குகிறது, லாபம் வரைபடத்துக்கு உரியவரிடம் போகிறது.

வில்லியனூர் சுடுமண் பொருள்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது பெருமைக்குரியதே. ஆனால், அது பெயரையும் பிறப்பிடத்தையும் காக்குமே தவிர, புதிய பொருளை உருவாக்கித் தராது. சமையலறைக்கும் சிறிய வீட்டுக்கும் ஏற்ற புதிய வடிவங்கள் தோன்றினால், 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி அவற்றைப் பதிவு செய்து பத்தாண்டுகளும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டுகளும் உரிமை பெறலாம். கண்காட்சியில் வைத்து விற்றுவிட்டு அதன்பின் விண்ணப்பித்தால் அந்த உரிமை கைநழுவக்கூடும் என்பதை எத்தனை கைவினைஞருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

மத்திய அரசு 2022-இல் தொடங்கிய குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான புத்தாக்கத் திட்டத்தில் வடிவமைப்புக்கும் நிதியுதவி உண்டு. விண்ணப்பம் எழுதுவதற்கே வழிகாட்டி தேவைப்படும் குயவர்களிடம் அது தானாக வந்து சேராது. புதுச்சேரி மாவட்டத் தொழில் மையம் முன்னின்று, வடிவமைப்பாளர்களைச் சில மாதங்களேனும் வில்லியனூர்ச் சூளைகளுக்கு அருகிலேயே தங்கவைக்க வேண்டும். இரண்டு நாள் பயிலரங்கும் சான்றிதழும் இதற்கு ஈடாகா.