படுத்தால்தான் காப்பீடா?

மாண்புமிகு ஒன்றிய நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

தங்கள் பணிச்சுமையை அறிவேன். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் எழுதாமல் பொறுத்திருந்தேன். 2017-இல் வந்த தேசிய நலவாழ்வுக் கொள்கை, அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம் என்றது. 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 2.5 விழுக்காட்டை மக்கள் நலவாழ்வுக்குச் செலவிடுவோம் என்றது. அரசு எழுதிக் கொடுத்த வாக்கு என்று நம்பினேன். 2025 போய்விட்டது, அந்த 2.5 வரவில்லை.

என் அம்மாவுக்குச் சரவாங்கி. காலையில் விரல்கள் மடங்காது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் திறப்பார். புடவைக் கொசுவத்தை நான் மடித்துச் செருகிவிடுவேன். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மூன்றாண்டு கேட்டது, பிறகு கேட்கவில்லை. மருத்துவர் அடாலிமுமாப் ஊசி எழுதினார். உடலின் காவலே மூட்டுகளைத் தாக்கும் நோய் இது. அந்தத் தாக்குதலைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைப் பிடித்து முடக்கவென்றே ஆய்வகத்தில் வடிவமைத்த எதிர்ப்பொருள்தான் அந்த ஊசி. காசநோய் இல்லையென்று சோதித்த பிறகு, இரு வாரத்துக்கு ஒன்று. ஐஸ் பெட்டியில் வாங்கிவந்து நான்தான் போட்டேன். நான்காவது ஊசிக்குப் பிறகு ஒரு காலை, அம்மா தானே கொசுவம் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

ஏழாவது ஊசிக்குப் பணம் இல்லை.

நாங்கள் போன அரசு மருத்துவமனையில் அந்த மருந்து இல்லை. காப்பீட்டு அட்டையை நீட்டினேன். “அட்மிஷன் போட்டாத்தாம்மா காசு வரும்” என்றார் ஊழியர், இரக்கத்தோடுதான். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. இந்த ஊசியோ படுக்கையில் விழாமல் இருப்பதற்கு. மூட்டு சிதைந்தபின் செயற்கை மூட்டு வைக்கப் படுத்தால் கொடுக்கிறீர்கள். சிதையாமல் காக்கக் கேட்டால் மறுக்கிறீர்கள். மாண்புமிகு அமைச்சர் அவர்களே, இது யார் போட்ட கணக்கு?

மருந்து வெளிநாட்டில்தான் கிடைக்கிறது என்று சொல்லவும் வழியில்லை. அடாலிமுமாபுக்கு நிகரான உயிரிமருந்தை உலகிலேயே முதலில், 2014 டிசம்பரில், விற்பனைக்குக் கொண்டுவந்தது அகமதாபாத்தின் சைடஸ் காடிலா நிறுவனம். அமெரிக்க நோயாளிகளுக்கு அத்தகைய மருந்து கிடைத்ததே 2023-இல்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அடாலிமுமாபை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

புறநோயாளிகளுக்கும் இந்த ஊசியைக் காப்பீட்டில் சேருங்கள். மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் கிடைக்கச் செய்யுங்கள். அம்மாவுக்கு இப்போது மறுபடியும் நான்தான் கொசுவம் வைக்கிறேன்.